முத்தோரைச் சரிவில் ஒரு குழுத் திட்டம்

பொறியியல் கல்லூரிகளில் மென்பொருள் படிப்பவர்களுக்குக் கடைசி ஆண்டில் குழுத் திட்டம் உண்டு. நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கூட்டாக வேலை செய்யும் பழக்கம் வந்துவிடும் என்பது அதன் நம்பிக்கை. சேர்ந்து உட்காருவதால் மட்டும் அது வருவதில்லை. பிரித்துச் செய்த வேலைகள் ஒன்றோடொன்று பொருந்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம்தான் அதைக் கற்பிக்கிறது. அதற்குச் சான்று நீலகிரியிலேயே இருக்கிறது: ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970-இல் எழுந்த வானலைத் தொலைநோக்கி.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் இளம் ஆய்வாளர்களையும் பொறியாளர்களையும் கொண்டு அதைக் கட்டினார். எடுத்தவுடன் பெரிய வேலையில் இறங்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 1.8 மீட்டர் கிண்ண ஆன்டெனாக்கள் 32-ஐ 1965-இல் மும்பையை அடுத்த கல்யாணில் நிறுவி, சூரியனை ஆராய்ந்து பழகினார்கள். அதன் பிறகே முத்தோரை. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு வடக்கு தெற்காகச் சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததால், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அதை ஒரே அச்சில் சுழற்றி ஒரு வானலை மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். அதன் ஆன்டெனா வரிசை 22 பகுதிகளாகப் பிரிந்தது. ஒரு பகுதியின் அலை மற்றவற்றோடு இசையாவிட்டால் கூட்டிய குறிப்பலை வலுவிழக்கும். நிலா ஒரு மூலத்தை மறைக்கும் நேரத்தில் அதன் அலை மங்குவதைப் பதிவுசெய்து உருவளவைக் கணிப்பதே முதல் நோக்கம். அந்த நேரத்தைக் குறிப்பது வானம். கெடுவைத் தள்ளிவைக்க யாராலும் முடியாது. நிலா விளிம்பில் அலை வளைவதால் பதிவில் சேரும் சிக்கலைக் கணக்கிட்டு நீக்கினால்தான் மூலத்தின் வடிவம் தெரியும். ஆகவே கம்பி கட்டியவரின் பிழை கணக்குப் போடுபவர் வரை போய்ச் சேரும்.

அவர்கள் சம்பளம் வாங்கிய ஆய்வாளர்கள், மாணவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வயதும் பட்டமும் வேறுதான். ஆனால் செய்துகொண்டே கற்றது ஒன்றே. இளைஞராகச் சேர்ந்த விஜய் கபாஹி, மங்கலான வானலை மூலங்களின் கோண அளவுகளை ஆராய்ந்து, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவருகிறது என்பதற்கு ஆதரவான முடிவை 1975-இல் வெளியிட்டார். ஸ்வரூப் தலைமையில் புனே அருகே கோடாட்டில் 45 மீட்டர் கிண்ணங்கள் 30 எழுந்ததும் ஊட்டி அனுபவத்தின் மேல்தான். அந்தக் கேள்வியைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: குழுவில் ஒருவர் உழைக்க, எல்லோரும் மதிப்பெண் பெறுகிறார்கள். இது உண்மையான குறை. ஆனால் குழு என்பதால் வந்ததல்ல. பகுதிகளைத் தனித்தனியே சோதிக்காததால் வந்தது. யார் எதைத் தருவது, அது அடுத்தவர் வேலையோடு எங்கே சேருவது என்று முதலிலேயே எழுதிவைத்து, ஒவ்வொருவர் நிரலையும் தனியாகவும் வாரந்தோறும் சேர்த்தும் ஓட்டிப் பார்த்தால் ஒளிந்துகொள்ள இடமிராது. உண்மையாகப் பயன்படுத்தப்போகும் ஒருவரும் தள்ளிப்போகாத ஒரு தேதியும் இல்லாத திட்டத்தைக் கல்லூரிகள் மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.