சீனத்துக்கு மிளகாய் வந்த கதை

மிளகாய் இனங்களுள் ஒன்றுக்குத் தாவரவியலாளர் வழங்கும் பெயர் 'கெப்சிகம் சைனென்ஸ்'. சீனத்து மிளகாய் என்பது அதன் பொருள். யாக்குவின் என்ற தாவரவியல் அறிஞர் அது சீனாவிலிருந்து வந்ததெனக் கருதி 1776 ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டினார். ஆனால் அந்த இனம் உட்பட மிளகாய் இனங்கள் யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. கொலம்பஸின் கப்பல்கள் 1492 இல் அங்கு சென்றடையும் வரை ஆசியாவில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. கன்பூசியஸ் அதைச் சுவைத்ததில்லை. 1409 ஆம் ஆண்டுத் திகதியிடப்பட்ட மும்மொழிக் கல்வெட்டைக் காலியில் நாட்டிச் சென்ற செங் ஹேயின் மாலுமிகளும் சுவைத்ததில்லை. நமது சோழப் பேரரசர்களின் அடுக்களைகளிலும் அது இருந்ததில்லை.

அப்படியாயின் பழைய சீனர் காரத்துக்கு என்ன செய்தனர்? இஞ்சி இருந்தது. நாக்கை மரக்கச் செய்யும் 'ஹுவாஜியாவ்' என்ற சிறுகாய் இருந்தது. ஹான் வம்சக் காலத்தில் பட்டத்தரசியின் மாளிகைச் சுவர்களுக்கு அதை அரைத்துக் கலந்து பூசினர் என்பது வரலாறு. 'ஜுயூ' என்றொரு காரமான காயும் சமையலில் புழங்கியது. பின்னாளில் மிளகாயின் வரவால் அது ஏறக்குறைய மறக்கப்பட்டே போயிற்று. நமது மிளகு மேற்கிலிருந்து சென்றதால் 'ஹுஜியாவ்' எனப்பட்டது. மிளகாய் வந்து சேர்ந்தபோது அதற்கும் அதே 'ஜியாவ்' என்ற சொல்லை ஒட்டி, 'ஃபான்ஜியாவ்', அதாவது அந்நியக் காரக்காய் என்று பெயரிட்டனர். கடலே இல்லாத சிச்சுவான் மாநிலத்தில் அதன் பெயர் 'ஹாய்ஜியாவ்'. கடல் வழி வந்தது என்பது கருத்து. நாமும் இதைத்தானே செய்தோம்? மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். நம் நாட்டில் பலரது நாவில் இன்றும் புழங்கும் கொச்சிக்காய் என்ற சொல் கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகிறது.

சீன எழுத்தில் மிளகாய் முதன்முதலாகத் தலைகாட்டுவது 1591 இல். ஹாங்ஜோ நகரத்து அறிஞர் காவ் லியன், நல்வாழ்வு பற்றித் தாம் எழுதிய நூலில், வெள்ளைப் பூவும் தூரிகை முனை போன்ற சிவந்த காயும் கொண்ட செடியென அதை வருணிக்கிறார். காரமானது என்றும் சொல்கிறார். ஆயினும் அவருக்கு அது கண்ணுக்கினிய தோட்டச் செடியே. 1596 இல் அச்சேறிய லீ ஷிஜெனின் மாபெரும் மருந்து நூலில் மிளகாய்க்கு இடமே இல்லை. 'சீனத்தில் மிளகாய்' என்னும் பொருளில் 2020 இல் விரிவான நூலொன்றை எழுதிய பிரையன் டொட், கிழக்குக் கரையிலுள்ள ஜெஜியாங், கொரியாவை அடுத்த லியாவ்னிங், ஒல்லாந்தர் வசமிருந்த தைவான் ஆகிய மூன்று வாயில்கள் வழியாக அது நுழைந்திருக்க வேண்டும் என்கிறார். மாவட்டக் குறிப்பேடுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. ஜெஜியாங்கில் 1671, லியாவ்னிங்கில் 1682, ஹூனானில் 1684. காரத்துக்குப் பேர்போன சிச்சுவானிலோ 1749 இல்தான் முதற்பதிவு.

என்னை மிகவும் ஈர்ப்பது குய்ஜோ மாநிலம். மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த வறிய பூமி. கடல் இல்லை, உப்புக் கிணறுகளும் இல்லை. உப்பு வாணிபமோ அரசின் பிடியில் இருந்தது. சிச்சுவானின் கிணறுகளில் காய்ச்சிய உப்பை மலைப்பாதைகளில் மனிதர் முதுகில் சுமந்து வரவேண்டும். வரியும் சுமைகூலியும் சேர்ந்து விலை ஏறியபின் ஏழைக்கு எட்டுவது எவ்வளவு? 1720 களின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட சிஜோ மாவட்டக் குறிப்பேடு, அங்குள்ள மியாவ் மக்கள் உப்புக்குப் பதிலாக மிளகாயைப் பயன்படுத்துகின்றனர் என்று ஒரே வரியில் கூறிச் செல்கிறது.

அந்த ஒரு வரியை எழுதியவர்கள் அரச உத்தியோகத்தர்கள். அவர்களுக்கு அது மலைவாசிகளின் விநோதப் பழக்கம். பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகள் கழித்த எனக்கு அது ஒரு பஞ்சச் செய்தியாகவே படுகிறது. மிளகாய் உப்பாகிவிட முடியாது. உடலுக்கு வேண்டிய உப்பை அது தராது. சப்பென்ற சோளத்தையும் சோற்றையும் தொண்டைக்குள் இறக்க உதவும், அவ்வளவே. ஆனால் வேலியோரத்து ஒரு சாண் நிலம் அதற்குப் போதும். காயவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. வரி அறவிட எவரும் வரமாட்டார்கள். காவ் லியனின் தோட்டத்து அழகுக்கும் இந்த மக்களின் தட்டுக்கும் இடையில் நூற்றுமுப்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் முதன்முதலாக மிளகாயைக் கடித்துச் சோறுண்ட ஏழையின் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

சிச்சுவானின் கதை வேறு. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் போர்களில் அம்மாநிலம் ஏறக்குறைய ஆளரவமற்றுப் போனது. வெறுமையான நிலங்களை நிரப்ப ஹூனான், ஹூபெய் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் பெயர்ந்து வந்தனர். மிளகாயும் அவர்களோடு பரவியது எனலாம். பெரிய அவரையும் மிளகாயும் சேர்த்துப் புளிக்கவைக்கும் விழுது அங்கு உருவாயிற்று. 1862 இல் செங்டு நகரத்தில் தொடங்கிய ஓர் எளிய உணவுக்கடையின் அம்மைத் தழும்பு முகத்துப் பெண்மணியால் 'மாபோ டோஃபு' பெயர் பெற்றது. 'குங் பாவ்' கோழிக்கறி, குய்ஜோவில் பிறந்து சிச்சுவானின் ஆளுநராயிருந்த டிங் பாவ்ஜெனின் பட்டப்பெயரைத் தாங்கியது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் மன்னராட்சி அதிகாரி ஒருவரின் பெயர் கறிக்கு ஆகாதென அதற்கு வேறு பெயரிட்டனர். கறியின் காரம் என்னவோ குறையவில்லை!

புரட்சி என்றதும் மா சேதுங்கின் நினைவு வருகிறது. எனது பல்கலைக்கழக நாட்களில் இடதுசாரி நண்பர்களிடையே கைமாறிய நூல்களுள் ஒன்று, எட்கார் ஸ்னோ 1937 இல் வெளியிட்ட 'சீனாவின்மேல் செந்தாரகை'. ஹூனான்காரரான மா தமது ரொட்டியிலும் மிளகாய் சேர்த்துச் சுடச் செய்வாராம். மிளகாய் விரும்பும் மக்களே புரட்சியாளர் என்றும் வாதிடுவாராம். இத்தாலியரும் மிளகாய்ப் பிரியர்கள்தாமே என்று ஒருவர் மடக்க, சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார் என்கிறார் ஸ்னோ. முசோலினி ஆண்ட நாளல்லவா!

ஆயினும் கன்டன் முதலிய செல்வச் செழிப்புள்ள கரையோரப் பகுதிகளின் சமையல் நெடுங்காலம் காரத்தை ஒதுக்கியே வைத்திருந்தது. மீனின் இயல்பான சுவையை மறைக்கும் முரட்டுப் பண்டம் என்பது அவர்களது எண்ணம். 1980 களின் பின்னர் ஹூனான், சிச்சுவான், குய்ஜோ ஆகியவற்றின் கிராமங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் தொழிற்சாலை வேலை தேடி ஷென்ஜென் போன்ற கரையோர நகரங்களுக்குச் சென்றபோதுதான் அந்த மதில் உடைந்தது. மலிவான இறைச்சியையும் பழைய காய்கறியையும் உண்ணத் தகுந்ததாக்க மிளகாய் கைகொடுத்தது. இவர்களால்தான் சீனா முழுவதும் காரம் பரவியது என்று சாவ் யூ என்ற சீன ஆய்வாளர் 2019 இல் வெளிவந்த தமது நூலில் வாதிடுகிறார். அவரது வாதம் எனக்கு ஏற்புடையதே.

உலகெங்கும் இன்று விற்பனையாகும் 'லாவ் கன் மா' மிளகாய்ப் பசையும் அதே குய்ஜோவில் பிறந்ததுதான். தாவ் ஹுவாபி என்ற பெண்மணி முதலில் அங்கு ஒரு நூடில்ஸ் கடை வைத்திருந்தார். 1990 களில் அதிலிருந்து தமது தொழிலை வளர்த்தெடுத்தார். போத்தலில் உள்ளவை எண்ணெய், மிளகாய், புளித்த சோயா அவரை. உப்பும் தாராளமாகவே உண்டு.