உலாவி அடையாள மாற்றம்

உலாவி அடையாள மாற்றம் என்பது, இணைய உலாவி ஒன்று தன்னைப் பற்றியும் தான் இயங்கும் இயங்குதளத்தைப் பற்றியும் இணையத்தளங்களுக்குத் தெரிவிக்கும் விவரத்தைப் பயனர் மாற்றியமைப்பதாகும். ஒவ்வொரு பக்கத்தைக் கோரும்போதும் 'யூசர் ஏஜென்ட்' எனப்படும் ஒரு வரியை உலாவி வழங்கிக்கு அனுப்புகின்றது. உலாவியின் பெயர், பதிப்பு, இயங்குதளம் ஆகியன அதில் இடம்பெறும். இது உலாவி தன்னைப் பற்றித் தானே கூறிக்கொள்வது மட்டுமே; இவ்வரியை மட்டும் கொண்டு அதன் உண்மையை வழங்கி அறிய இயலாது.

தோற்றம்

1990களின் நடுப்பகுதியில் நெட்ஸ்கேப் உலாவி 'மொசில்லா' என்ற பெயரால் தன்னை அறிவித்துக்கொண்டது. சட்டகங்கள் கொண்ட பக்கங்களைப் பல தளங்கள் இப்பெயரைக் கண்டால் மட்டுமே அனுப்பின. ஆகவே மைக்ரோசாப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 'மொசில்லா' என்றே கூறத் தொடங்கியது. பின்வந்த உலாவிகளும் இவ்வழியையே பின்பற்றின. குரோம், சஃபாரி, பயர்பாக்சு ஆகிய மூன்றின் வரியும் இன்றும் 'மொசில்லா/5.0' என்றே தொடங்குகின்றது. இவ்வகையில், அடையாளத்தை மாற்றிக் கூறும் வழக்கத்தைத் தொடங்கியவர்கள் பயனர்கள் அல்லர், உலாவி நிறுவனங்களே எனலாம்.

தமிழ்நாட்டில் லினக்சுப் பயனர்கள்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சை 2007 இல் வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், சி. உமாசங்கர் பொறுப்பிலிருந்த தமிழக அரசு நிறுவனமான எல்காட், தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககாலக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. இத்திட்டம் மாநிலம் முழுமைக்குமானது. எனவே மதுரை, மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர் கைகளுக்கும் லினக்சு சென்றது.

ஆனால் அக்காலத் தளங்கள் பல, விண்டோசில் இயங்கும் எக்ஸ்புளோரரை மட்டுமே கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டிருந்தன. வணிகக்குறிச் சிக்கலால் டெபியன் 2006 முதல் 2016 வரை பயர்பாக்சை 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் வழங்கியது. பெயரை மட்டும் பார்த்துப் பயர்பாக்சை அனுமதித்த தளங்கள் ஐஸ்வீசலைத் திருப்பியனுப்பின. மென்பொருளோ கிட்டத்தட்ட ஒன்றே. பின்னர் அதன் வரியில் 'பயர்பாக்சு போன்றது' என்ற பொருளுடைய சொற்களும் சேர்க்கப்பட்டன.

பயனும் வரம்பும்

தளம் பெயரைப் பார்த்து மட்டும் தடுக்குமானால் அடையாள மாற்றம் பலன் தரும். ஆக்டிவ்எக்ஸ் போன்ற விண்டோசு நுட்பத்தையே நம்பியிருந்த பக்கங்களில் அதனால் பயனில்லை. ஒருங்குறி பரவும் முன் தமிழ்த் தளங்கள் சில பயன்படுத்திய எக்ஸ்புளோரருக்கான இயங்கு எழுத்துருக்களும் இத்தகையனவே: பக்கம் திறக்கும், ஆனால் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகவே தெரியும்.

வேறொரு பின்விளைவும் உண்டு. விண்டோசு எனக் கூறிக்கொள்ளும் லினக்சுப் பயனர், தளத்தின் வருகைக் கணக்கில் விண்டோசுப் பயனராகவே பதிவாகின்றார். லினக்சில் எவரும் வருவதில்லை எனக் கருதும் தள உரிமையாளர் தடையை நீக்க முற்படுவதில்லை.

முறைகள்

கே.டி.ஈ.யின் காங்கொரர் உலாவியில் தளம்வாரியாக அடையாளத்தை மாற்றும் வசதி உள்ளிணைந்திருந்தது. பயர்பாக்சில் நீட்சிகள் மூலமும் உள்ளமைவுப் பக்கத்தின் வழியாகவும் மாற்றலாம். குரோமில் உருவாக்குநர் கருவிகளில் இவ்வசதி உண்டு. ஜாவாஸ்கிரிப்டு வழியாகவும் இயங்குதளப் பெயரைக் கேட்டறிய முடியும் என்பதால், வரியை மட்டும் மாற்றினால் இரு விடைகளும் முரண்படக்கூடும்.

ஆண்ட்ராய்டுக் குரோமில் 'கணினித் தளம்' என்ற தெரிவை அழுத்துவோரும் இதையே செய்கின்றனர். அப்போது கைப்பேசி தன்னை லினக்சுக் கணினியாக அறிவிக்கின்றது.