வெறியாட்டுக் களமும் சின்னத்திரையும்

தாமிரபரணி ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் சில மைல் தொலைவுக்கு விலகிப் போய்விட்டபடியால், ஒரு காலத்தில் பாண்டியருடைய துறைமுகமாகவும், தாலமி என்னும் யவன பூகோள ஆசிரியரின் நூலில் ‘கொல்கை’ என்று பெயர் பெற்ற பட்டினமாகவும் விளங்கிய கொற்கை, இன்று வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே, ஏரலுக்கு அருகில், ஒரு சிற்றூராக அடங்கிக் கிடக்கிறது. ஊரார் போற்றும் பழைய வன்னி மரத்தையும் குளத்தையும் பார்க்கப் போய், அந்தி சாயும் வரை அங்கேயே நின்றுவிட்ட ஒரு நாள், தெருவில் திரும்பி நடக்கையில், திறந்த கதவுகளின் வழியே வீட்டுக்கு வீடு ஒரே தொடரின் ஓலம் கேட்டது: தலைவிரி கோலமாக ஒரு பெண், நிலைகுத்திய கண், சுற்றி நின்று பதறும் குடும்பம், ஏறிக்கொண்டே போகும் வாத்திய முழக்கம். தமிழ்த் தொலைக்காட்சியைப் பத்து நாள் தொடர்ந்து பார்த்தவர்கள் இப்படியொரு காட்சியைக் காணாமல் இருந்திருக்க முடியாது. சித்தம் கலங்கிய ஒருத்தியை ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், அதைவிட முக்கியமாக, நாம் ஏன் கண்ணெடுக்காமல் பார்க்கிறோம் என்ற கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது. பழைய விருத்தாந்தங்களைப் புரட்டப் புரட்ட, அந்தப் பார்வை தொலைக்காட்சியைவிட ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு மூத்தது என்பது தெளிவாயிற்று.

கொற்கை முத்தைப் பாடிய அதே சங்கப் புலவர் கூட்டம்தான் வெறியாட்டையும் பாடிற்று. வெறியாட்டு மலைநாட்டுக் குறிஞ்சிக்கு உரியதென்பது உண்மையே. ஆனால் அதைக் கேட்டு ரசித்தவர்கள் மலையிலும் இருந்தார்கள், கடற்கரையிலும் இருந்தார்கள். மகள் உண்பதில்லை, உறங்குவதில்லை, மேனி பசந்து வளை நெகிழ்ந்து நிற்கிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகன் அணங்கியதென்று எண்ணி வேலன் என்னும் பூசாரியை வரவழைக்கிறாள். புதுமணல் பரப்பிய முற்றத்தில் கழங்கு உருட்டிக் குறி பார்த்து, மறியறுத்துப் பலி கொடுத்து, வேலன் ஆடுகிறான். இந்தப் பொருளைப் பாடியதனாலேயே ஒரு புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெயர் நிலைத்துவிட்டதென்றால், கேட்டவர் மனத்தை அது எவ்வளவு ஆட்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பாடல்களின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மகளுடைய வாட்டத்துக்குக் காரணம் அவள் காதலன் என்பது தோழிக்குத் தெரியும். பாட்டைக் கேட்கும் நமக்கும் தெரியும். தாய்க்கு மட்டுமே தெரியாது. களத்தில் பறை முழங்க முழங்க, ‘ஐயோ, இவள் நோய் அதுவல்லவே’ என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வீட்டாருக்குத் தெரியாத துயரம் தனக்குத் தெரிந்திருப்பதால் பார்ப்பவர் துன்பப்படுபவளின் பக்கம் போய் நின்றுகொள்கிறார். இன்றைய தொடரில் மாமியாருக்கும் கணவனுக்கும் புரியாத ஒருத்தியின் அழுகை, கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்க்கும் பெண்ணுக்கு மாத்திரம் புரிந்துவிடுகிறதே, அந்தப் புரிதலை நமக்கு முதலில் பழக்கியவர்கள் இந்த அகப்பாடல்களைப் பாடியவர்களே என்பது என் அபிப்பிராயம்.

பார்ப்பவரையும் சேர்த்துப் பாடியவர் மணிமேகலை ஆசிரியர் சாத்தனார். புகார் நகரத்துத் தெருவில் சுதமதியும் மணிமேகலையும் நடந்து போகையில், சித்தம் கலங்கிய ஒருவன் எதிர்ப்படுகிறான். அலரியும் எருக்கும் தொடுத்த மாலை. கந்தலோடு சுள்ளிகளையும் சேர்த்துக் கட்டிய உடை. அழுகிறான், தொழுகிறான், எழுகிறான், விழுகிறான், தன் நிழலோடு தானே சண்டையிடுகிறான். இவ்வளவு நுணுக்கமாக அவனை வருணித்த புலவர், அவனைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தையும் விட்டுவிடவில்லை. அவர்கள் கல்லெறியவில்லை, கைகொட்டி நகைக்கவும் இல்லை. அவனுடைய துன்பத்தைக் கண்டு வருந்தி நின்றார்கள் என்கிறார். தெருவில் ஒரு பித்தனைக் கண்டு வருந்தி நின்ற அந்தப் பெயரற்ற ஜனங்களைத் தமிழின் முதல் நேயர்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் இந்தக் கருணை இருந்ததென்று சொல்வதற்கில்லை. நாடு மழையிழந்து நோயுற்றபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஓராயிரம் பொற்கொல்லரைப் பத்தினித் தெய்வமான கண்ணகிக்குப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. துன்பத்துக்குக் காரணம் தேடுகிற கண் சிறிது பிசகினால் குற்றவாளியைத் தேடும் கண்ணாகிவிடும். தொலைக்காட்சித் தொடர்களில் ஒருத்தியின் மனநோய்க்கு மற்றொருத்தி வைத்த செய்வினையே காரணமென்று காட்டும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம், கொற்கையில் மாண்ட அந்தத் தட்டார்களின் ஞாபகம் எனக்கு வருவதுண்டு.

கொற்கைக் கரை முத்தின் கரையாக இருந்ததைப் போலவே அச்சத்தின் கரையாகவும் இருந்தது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு கொற்கையில் முத்துக்குளிக்கச் செய்தார்கள் என்று, ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் யவனக் கடல்வழி நூல் குறிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பவர்களைத் தாக்கவொட்டாமல் மீன்களை மந்திரத்தால் கட்டுவோர் இருந்தார்களென்றும், கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேர்ந்ததென்றும் எழுதி வைத்தார். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட இந்த மனிதர், சுறாவின் வாயைக் கட்டியதாகச் சொல்லாமல் கடலில் இறங்க ஒருவரும் துணிந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பைப் பார்த்த எமர்சன் டென்னன்ட், கடல்கட்டியின் அதிகாரம் பரம்பரையாக வருவதென்றும், அப்போது அதை வகித்தவர் ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மேல் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லையென்றும் எழுதினார். ஒருவர் முன்னே நின்று ஊரறிய அச்சத்தை ஏற்றுக்கொண்டால் மற்றவர் நெஞ்சு இலகுவாகும் என்பதை அந்தக் கடலோர மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

கடலை விட்டு ஊருக்குள் வந்தால் கொடை. தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை கொடுக்கும் இரவில் வில்லுப்பாட்டு நடக்கும். அநியாயமாக வெட்டுண்டவர்கள், வஞ்சிக்கப்பட்ட பெண்கள், நிறைசூலியாக மாண்டவர்கள் தெய்வமான கதையைப் பாடகர் வீசுகோலால் வில்லை அடித்துப் பாடப் பாட, கதை அந்த மரணத்தை நெருங்கும் நேரத்தில் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். அவரோடு நின்றுவிடாமல், சில வேளைகளில் கூட்டத்தின் ஓரத்தில் ஒண்டியிருந்த ஒருத்தியும் எழுந்துவிடுவாள்.

சிறுவயதில் நான் பார்த்த ஒருத்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரி, அத்தை என்று கூப்பிடுவோம். மற்ற நாட்களில் அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். ‘கோட்டி’, அதாவது பைத்தியம், என்று அவள் காதுபடவே சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் வசவாகவும் வரும், செல்லமாகவும் வரும்; அவளுக்கு அது வசவாகவே வாய்த்தது. கொடையன்று நள்ளிரவில் அவள் எழுந்து ஆடினாள். பகலெல்லாம் கோட்டி என்று சொன்ன அதே பெரியவர்கள் விபூதித் தட்டோடு முன்னே வந்து, “என்ன குறை வச்சோம், சொல்லு தாயே” என்று கைகட்டிக் கேட்டார்கள். பிறந்த வீட்டில் தனக்குச் சேர வேண்டியது சேராததையும், பெற்றுப் பறிகொடுத்த பிள்ளையையும் அவள் சொன்னாள். ஊர் முழுவதும் கேட்டது. பிறகு மஞ்சள் நீரைத் தெளித்து, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, யாரோ ஒருத்தி அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடிந்ததும் எல்லோருடனும் சேர்ந்து அவளும் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த மடியும் அந்தத் தண்ணீரும் எவ்வளவு முக்கியமானவை என்பது பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கிற்று. களத்துக்குள் போவதற்கு ஒரு வழி இருந்தது போலவே, அதிலிருந்து திரும்பி வரவும் ஒரு வழி இருந்தது. ஆயினும் ஓர் இரவில் தணியாத நோய்கள் உண்டு. மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நீடிக்கும் வியாதிக்குக் கொடையும் மஞ்சள் நீரும் போதா. அப்படிப்பட்டவர்களைப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும், இதே மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள ஏர்வாடி தர்காவுக்கும், சாதி மத பேதமின்றி அழைத்துப் போனார்கள். அந்த ஸ்தலங்களின் மேல் கொண்ட பக்தியைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவற்றின் நிழலில் முளைத்த தனியார் காப்பகங்களின் சங்கிலியை மன்னிக்கவும் மனமில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, உள்ளே பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அன்று தமிழ்நாடெங்கும் தொலைக்காட்சிச் செய்திகளில் கருகிய கொட்டகையையும் சங்கிலியையும் பார்த்துக் கண் கலங்காத வீடு அரிது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. தொலைக்காட்சி மனநோயைக் காட்டியதில் மிகவும் உண்மையான காட்சி அதுவே என்று நினைக்கிறேன். அதில் நடிப்பும் இல்லை, வாத்தியமும் இல்லை.

தொலைக்காட்சி இந்தக் கரைக்கு வந்த விதமே விசேஷமானது. சென்னையில் நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியும் அதன் அலைகள் இங்கு எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமானதும், கடலைத் தாண்டி வந்த அந்த ஒளிபரப்பை உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டிப் பிடித்தவர்கள் தென்கரையில் அநேகர். பின்னர் தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படம் வந்தது. 1993-இல் சன் டிவி வந்தது.

படங்களில் கண்ட பித்துக்கும் தொடர்களில் கண்ட பித்துக்கும் வித்தியாசம் உண்டு. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில், விபத்தினால் குழந்தை மனத்தளாகிவிட்டவளை ஒருவன் பேணிக் காக்கிறான்; ஒரு வைத்தியர் கைபட்டு அவள் குணமானதும் அவனை மறந்து ரயிலேறிப் போய்விடுகிறாள். பாலாவின் ‘சேது’வில் தலையில் அடிபட்டவனை ஒரு மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரண்டு கதைகளும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடரோ வாரந்தோறும், பிறகு நாள்தோறும், வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. கொடைக்கு ஊர் கூடியதைப் போல இதற்குத் தெரு கூடிற்று.

அவற்றுள் நான் மறக்க முடியாதது, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி, சன் டிவியில் 1990-களின் பிற்பகுதியில் வந்த மர்மதேசம் வரிசையின் ‘விடாது கருப்பு’. தவறு செய்தவர்களைக் காவல் தெய்வமான கருப்புசாமி தண்டிக்கிறதென்று ஊர் நம்புகிறது. அந்தத் தெய்வச் செயலின் பின்னே, பிளவுண்டு இரண்டாய் இயங்கும் ஒரு மனித மனம் இருப்பதாகக் கதை அவிழ்கிறது. ஊர்க்காவல் தெய்வத்தின் பெயரையும் மனோதத்துவ நூலின் சொல்லையும் ஒரே மூச்சில் உச்சரித்த அந்தத் தொடரை, எங்கள் பக்கத்து ஜனங்கள் அந்நியமாக எண்ணவில்லை. வேலனை அறிந்த மக்களுக்குக் கருப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? நெடுநாள் ஊமையாய்ச் சுமந்த அநீதி ஒரு நாள் வேறு குரலில் பேசும் என்பது கொடைக் களத்தில் அவர்கள் பார்த்துப் பழகியதே.

ஆனால் களத்திலிருந்து தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது ஆட்டத்தை மாத்திரமே. ஆடி ஓய்ந்தவளைத் தாங்கிக்கொண்ட மடியை அது எடுத்துக்கொள்ளவில்லை. கதையில் வரும் மனநோயாளி ஒன்று கொலைகாரராகிறார், அல்லது அதிர்ச்சியில் ஒரே நொடியில் குணமாகிறார், அல்லது நகைச்சுவைப் பாத்திரமாகிக் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஒரு சொல்லால் விரட்டப்படுகிறார். 1794-இல் சென்னையில் தொடங்கிய ஒரு மருத்துவமனை, பிற்பாடு கீழ்ப்பாக்கத்தில் அமைந்து எத்தனையோ தலைமுறைகளைப் பராமரித்திருக்க, அந்த இடப்பெயரே ஏளனமாயிற்று. 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பிறகு 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார்; மருந்தோடு வேலையும், வேலையோடு குடும்பத்தின் புரிதலும் சேர்ந்தால் நோயாளி வாழ்க்கைக்குத் திரும்பலாம் என்பதே அங்கு நடந்த தொண்டு. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைக்கவே கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் திட்டமாகக் கூறுகிறது. மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குவது, ஞாபகமாக மறுபடி மருத்துவரைப் பார்ப்பது, ஒரு வருஷம் கழித்துக் கடைக்குப் போய்த் தானே காய்கறி வாங்கி வருவது, இவையெல்லாம் ஒரு தொடரில் ஒரு காட்சியாகவும் வருவதில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதினால் இவற்றைப் பார்க்க ஆளில்லாமல் போகாது. நூற்றுக்கணக்கான நாட்கள் நீளும் தொடரைவிட இந்த மெதுவான குணமாதலைக் காட்டத் தக்க வடிவம் வேறென்ன இருக்கிறது?

அந்த அத்தையும் ‘விடாது கருப்பு’ பார்த்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில், தூணோரம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வாரம் தவறியதில்லை. தொடர் முடிந்த இரவு பிள்ளைகள் எல்லோரும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு முடிச்சு அவிழ்ந்த விதத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் எழுந்து போன பின்பும் அவள் எழவில்லை. பெட்டியை அணைக்கப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்:

“ஏ ராசா, அந்தப் புள்ளைய அப்புறம் எங்க கொண்டுபோய் விட்டாவ? மருந்து கிருந்து குடுத்தாவளா? யாராவது கூட இருந்து பாத்துக்கிட்டாவளா?”

தொடர் முடிந்துவிட்டது, இனி வராது என்று சொன்னேன். அவள் சற்று நேரம் அந்த இருண்ட கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போனாள்.