இருபக்கமும் படித்த மாணவர்

எதிர்த்தரப்பார் கூறுவதை அறியாமல் எழுதப்படும் கட்டுரை வாதமாகுமா? வசையாகலாம், வாதமாகாது. இதனைத் தம் மாணவர்க்கு உணர்த்திய ஓர் ஆசிரியரை நாம் அறிதல் வேண்டும். கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826-இல் பணியேற்ற ஹென்றி டிரோசியோதான் அவர். இருபது வயதைக் கூட எட்டாத இளைஞர்!

கடவுள் உண்மைக்குக் கூறப்படும் சான்றுகளை ஐயுற்ற ஹியூமின் நூலை மாணவர் கையில் தந்தார். ஹியூமை மறுத்த ரீடு, ஸ்டூவர்ட் ஆகியோரின் விடைகளையும் உடன் தந்தார். இரண்டையும் படி, எடைபோடு, பின்னர் முடிவு கூறு - இதுவே அவர் பாடம். குறிப்பேட்டை ஒப்பித்துத் தேர்வெழுதும் நம் மாணவத் தோழர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

பழமை பதறிற்று. நாத்திகம் போதிக்கிறார் என்று பழி எழுந்தது. 1831 ஏப்ரலில் நிருவாகக் குழு, அவரை அழைத்து ஒரு சொல்லும் கேளாமலே விலக்க முடிவு செய்தது. இருபக்கமும் கேள் என்றவருக்கு ஒருபக்கத் தீர்ப்பு! குழுவிலிருந்த வில்சனுக்கு அவர் எழுதிய மடல் ஒரு வாதக் கட்டுரையே. குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து விடையிறுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று, வயது 22.

அவர் வழிவந்தோர் 1838-இல் அறிவு வளர்ச்சிக் கழகம் ஒன்று கண்டனர். உறுப்பினர் கட்டுரை எழுதிவந்து படித்தல் அங்கே மரபு. 1843 பிப்ரவரியில், டிரோசியோவின் மாணவர் தட்சிணரஞ்சன் முகர்ஜி, கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களையும் போலீசையும் ஆராய்ந்து, அதே இந்துக் கல்லூரி மண்டபத்தில் கட்டுரை படித்தார். கல்லூரி முதல்வர் ரிச்சர்ட்சன் இடைமறித்தார். இராசத்துரோகம் என்று சீறினார். அவைத்தலைவர் தாராசந்த் சக்ரவர்த்தி அஞ்சினாரா? இல்லை. கழகத்தை இழித்த சொல்லைத் திரும்பப் பெறாவிடில், தேவையானால் அரசு வரையிலும் முறையிடுவோம் என்று, முதல்வரின் முகத்துக்கு நேரே கூறினார்.