மாவட்டத்தை விட மூத்த தடை

சில தேதிகளை ஒரு ஷீட்டில் வரிசைப்படுத்திக்கிட்டிருந்தப்ப ஒண்ணு கண்ணில் பட்டது. 14 வகை ஒருமுறை உபயோக பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை அமலானது 2019 ஜனவரி 1. விழுப்புரத்திலிருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பிச்சது அதே வருஷம் நவம்பர் 26. அதாவது, கேரி பேக் சட்டப்படி செல்லுபடியான ஒரு நாளைக்கூட இந்த மாவட்டம் பார்த்ததில்லை!

ஆனா கல்வராயன் மலை பெரியார் அருவிப் பக்கம் போய்ப் பாருங்க. பாறை இடுக்கெல்லாம் கப்பும் கவரும். மலையில் பிறக்கிற கோமுகியின் தண்ணீர் வெள்ளாறு வழியா பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போகுது. குப்பையும் கூடவே போகும்.

சட்டம் இருந்தும் ஏன் இப்படி? என் கணக்கில் காரணம் விலைதான். தண்ணீர் பாட்டிலைக் காயலான் கடையில் எடை போட்டு வாங்குவாங்க. மெல்லிசு கவரைச் சீண்ட மாட்டாங்க. சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கோட அலுமினியப் பூச்சும் இருக்கும், பிரிச்செடுக்கக் கட்டுப்படியாகாது. கடைசியில் வாசலில் கொளுத்துறோம். அதில் பிவிசி கலந்திருந்தா டையாக்சின் வரும், அது தனிக் கொடுமை.

விலை போகாத இந்தக் கவருக்கு ஒரு வழி கண்டவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் (2018ல் பத்மஸ்ரீ). சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவினா உருகி ஒட்டிக்கும். அப்புறம் தார் கலந்து ரோடு போடலாம். பிவிசி மட்டும் கூடாது. குழம்பு ஒட்டின கவரும் உதவாது.

அதனால் எங்க வீட்டில் தனிச் சாக்கு. கழுவி, காயவெச்சு, தூய்மைக் காவலர் அக்காகிட்ட கொடுக்கிறோம். பாதிக்கு மேல சிப்ஸ் பாக்கெட், பையன் உபயம்.