ஊருக்கு வெளியே, மரத்தடியில்



மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் முடியும் இடத்தில், தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர் முன் முழந்தாள்படியிடுகிறார். இயேசு அவர்மேல் பரிவு கொண்டதைச் சொல்ல மாற்கு எடுத்தாளும் கிரேக்கச் சொல், குடல், வயிறு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இதற்கு நமக்கு அகராதி வேண்டாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்கிறார்களே நம் தாய்மார்கள், அதுதான்.

இயேசு முதலில் தொடுகிறார். பிறகுதான் நோய் நீங்குகிறது. முடிவில் இடமும் மாறிவிடுகிறது. லேவியர் சட்டப்படி வெளியே கிடந்தவர் ஊருக்குள் போகிறார். இயேசுவோ வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல் வெளியே தங்குகிறார். அவசரத்தில் நாம் வாசித்துக் கடந்துவிடும் வரி இது.

நம் நாட்டில் 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டம், வீதியில் பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடியாணையில்லாமலே கைது செய்து விடுதியில் அடைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. மிஷன் விடுதிகளில் அன்பு இருந்தது, கஞ்சியும் கட்டுத்துணியும் இருந்தன. ஆனால் வீடு இல்லை. மனைவி மக்களை விட்டுப் போகப் பயந்தவர்கள் தேமலைத் துணியால் மறைத்துக்கொண்டார்கள். விரல்கள் மடங்கிய பிறகே வெளியே தெரிந்தது.

1955-இல் பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ், அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் பக்கமுள்ள பொலம்பாக்கத்துக்கு வந்தார். காங்கோவில் தொழுநோயாளரிடையே பல ஆண்டுகள் உழைத்தவர். இங்கே அவர் செய்தது மிக எளிய காரியம். நோயாளியை வரச் சொல்லாமல், குறித்த நாளில் தாமே கிராமத்துக்குப் போனார். சாலையோர மரத்தடிதான் மருத்துவமனை. டாப்சோன் மாத்திரை விலை குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். நாற்று நடுகிறவர், மாடு மேய்க்கிறவர் வேலையை விட்டு ஆண்டுக்கணக்கில் எங்கே போய்ப் படுப்பார்? மரத்தடிக்கு வந்தார், மாத்திரை வாங்கினார், வீட்டுக்குத் திரும்பினார். வீட்டுக்குத் திரும்பியதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அவருடன் உழைத்து, அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் மருத்துவர் கிளேர் வெலூட். கன்னியர் உடை அணியாத பொதுநிலைப் பெண். பின்னாளில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். உன்னால் பலர் ஆசி பெறுவர் என்று ஆபிரகாமுக்கு வாக்களிக்குமுன், உன் நாட்டையும் இனத்தையும் விட்டுப் புறப்படு என்கிறார் கடவுள். ஆசி கேட்க வருகிறவர்களிடம் நான் இந்த முதல் பாதியையும் சொல்வதுண்டு. சிலருக்கு அது பிடிப்பதில்லை!

இதே பெல்ஜியத்தில் பிறந்த புனித தமியான், 1873-இல் மொலோக்காய் தீவுக்குப் போய் நோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889-இல் இறந்தார். 1884-இல் ஒருநாள் கொதிக்கும் நீரில் கால் வைத்தும் சுடவில்லை. நோய் தம்மையும் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறுதியானது. சூளையும் அடுப்பும் தொழிலாகக் கொண்ட நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சுடுவது தெரியாத கைக்குத்தான் காயம் அதிகம்.

1982-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆறு மாதம் அல்லது ஓராண்டில் இன்று நோய் குணமாகிறது. ஆனாலும் சட்டம் மெதுவாகத்தான் நடந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டிக் கணவனோ மனைவியோ மணமுறிவு கேட்கலாம் என்ற பிரிவு 2019 வரை இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்திலும் அது இருந்தது என்பதை நாம் கொஞ்சம் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டும்.

உடம்பில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த, தொட்டால் உணர்வில்லாத தேமல் இருந்தால் மறைக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். தனியாகப் போகத் தயங்குகிறவர் உங்கள் தெருவில் இருந்தால், கூடவே போய் வாருங்கள்.