நஷ்டத்தில் ஓடிய ஆய்விதழ்

'ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' இதழை 1665-ல் தொடங்கிய ஹென்றி ஓல்டன்பர்க், லண்டன் ராயல் சொசைட்டியின் செயலர். ஆனால் இதழின் லாபநஷ்டம் அவருடையதுதான். பெரிசா ஒன்றும் தேறவில்லை. 1752-ல்தான் சொசைட்டி அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்புறம் ஏறத்தாழ இருநூறு வருஷம் கைக்காசு போட்டே நடத்தினார்கள். உறுப்பினர்களுக்கும் வெளிநாட்டுக் கழகங்களுக்கும் பிரதிகள் சும்மாவே போயின.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பல்கலைக்கழகங்கள் பெருகின. நூலகங்கள் சந்தா கட்டின, இதழே வருமானமாயிற்று. கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்ட என்னை மாதிரி ஆட்களுக்குக் கதவு சாத்தியாச்சு.

2011-ல் எழுபது வருஷத்துக்கு முந்தைய கட்டுரைகளை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நியூட்டன் 1672-ல் ஒளி பற்றி எழுதிய கடிதத்தை ஆபீஸ் முடிந்து வந்து அப்படித்தான் படித்தேன்.

இப்போது பல இதழ்களில் கட்டணம் எழுதுகிறவர் பக்கம் நகர்கிறது. வாசகனாக எனக்குக் கொண்டாட்டம்தான். நாளைக்கு நானே ஒரு கட்டுரை அனுப்பினால் அந்தப் பணத்தை யார் கட்டுவது?